ஒரு குடல் பரிசோதனையும் நான் கொதிக்க வைத்த தண்ணீரும்

1

போன மாதம் அம்பாசமுத்திரத்தில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். பந்தியில் அப்பா இரண்டாவது தடவை ரசம் வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்து, அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எங்கண்ணன் இன்னைக்கு இப்படி உக்காந்து சாப்பிடுதாவன்னா அதுக்கு இவதான் காரணம். படிச்ச புள்ளல்லா! திருவனந்தபுரத்துல அத்தன கொரோனாவுலயும் விடாம ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயி, குடலுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க வச்சுட்டா."

பக்கத்து இலையிலிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா இலையைப் பார்த்தார். நான் சிரித்து வைத்தேன்.

திருவனந்தபுரம் திரும்பிய பிறகும் அந்தச் சிரிப்பு என்னைவிட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் போன் செய்துவிட்டார்கள். "எப்படிச் செய்யணும், என்ன திங்கக் கூடாது, நீ சொன்னா சரியா இருக்கும்" என்கிறார்கள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்ததில் என்ன நடந்தது என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

எனக்கு எட்டு வயதில் நாங்கள் இங்கே வந்தோம். அப்பா கொத்தனார், இங்கே மேசிரி என்பார்கள். நகரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற பகுதியில் ஐ.டி. பூங்காவைச் சுற்றி அடுக்குமாடிகள் எழும்பத் தொடங்கிய காலம், வேலைக்குப் பஞ்சமில்லை. அப்பா பூசிய சுவர்களுக்கு அப்பால் ஒரு கட்டடத்தில்தான் இப்போது எனக்கு வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடித்துக் கொடுப்பது என் உத்தியோகம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அம்பாசமுத்திரத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்த தமிழை நானே வளர்த்துக்கொண்டேன். மலையாளத்தை அழுதுகொண்டே கற்றேன். ஆங்கிலம் பிறகு வந்தது.

அதனால் வீட்டில் காகிதம் என்றால் நான்தான். வாடகை ஒப்பந்தம், ரேஷன் கார்டு, மின்சார அலுவலகத்துக்கு மனு, எல்லாம் பன்னிரண்டு வயதிலிருந்தே என் கையில். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. நான் வாசித்துவிட்டு "போடுங்க" என்பேன். போடுவார்.

பெரியப்பா, அதாவது அப்பாவின் மூத்த அண்ணன், பெருங்குடல் புற்றுநோயில் இறந்தார். மூலம், மூலம் என்று இரண்டு வருடம் மருந்து தின்று, கடைசியில் திருநெல்வேலியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். அடுத்த வருடமே அப்பாவை இங்கே ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம். ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டு, அதன் முனையிலுள்ள கேமராவில் பெருங்குடல் முழுவதையும் பார்த்தார்கள். ஒரு சின்னத் தசை வளர்ச்சி இருந்தது. அப்போதே கத்தரித்து எடுத்துவிட்டார்கள். இப்போதைக்குத் தீங்கில்லை, ஆனால் உங்கள் குடும்பத்தில் நோய் இருக்கிறது, மூன்று வருடம் கழித்துக் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. இந்த மாதிரி வளர்ச்சி சத்தமில்லாமல் இருந்து புற்றாக மாறுமாம். மாறுவதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அந்த மூன்றாம் வருடம் வந்தது. கூடவே கொரோனாவும் வந்தது.

3

வீட்டிலிருந்தே வேலை என்று ஆகிவிட்டதால் ஒரு காதில் அலுவலகக் கூட்டம், இன்னொரு காதில் மருத்துவமனை. வாரம் ஒரு தடவையாவது போன் செய்வேன். எந்தப் பெண் எடுத்தாலும் கேள்வி அதேதான், அவசரமா, ரத்தம் வருகிறதா என்று.

"எமர்ஜென்சி ஆணோ?"

"அல்ல."

"ப்ளீடிங் உண்டோ?"

"இல்ல."

"எந்நா பின்னே இப்போ வேண்டா மோளே. கொரோனா ஒந்நு குறையட்டே." அப்படியானால் இப்போது வேண்டாம், கொரோனா கொஞ்சம் குறையட்டும் என்பார்கள்.

ரத்தம் வருவதற்கு முன்னால் பார்ப்பதற்குத்தானே இந்தப் பரிசோதனையே என்று ஒரு நாள் மலையாளத்தில் கத்திவிட்டேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரியாணு. பட்சே இப்போ டேட் இல்ல" என்றாள். சொல்வது சரிதான், ஆனால் தேதி இல்லை. சரியாக இருப்பதால் எனக்கு என்ன லாபம்?

அப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பார். "ரத்தம் வருதுன்னு சொல்லிட்டா என்னட்டி? ஒரு பொய்தான?"

"பொய் சொல்லி அங்க போயி மாட்டிக்கிடவா?"

"அப்பம் விடு. கசிவு இருந்தா மோட்டார் போட்டதும் தெரிஞ்சிரும். பைப்பு நல்லாத்தான் ஓடுது. சும்மா கெடக்க பைப்ப எதுக்கு நோண்டணும்?"

கொத்தனாருக்கு உலகத்தில் எல்லாமே சுவரும் பைப்பும்தான். எனக்குச் சிரிப்பு வராது.

ஒன்பது மாதம் போராடி, மறு வருடத் தொடக்கத்தில் ஒரு தேதி கிடைத்தது. முதலில் மூக்கில் குச்சி விட்டுக் கோவிட் சோதனை. அது சரியாக இருந்தால் மட்டும் அனுமதி. கூட ஒரே ஓர் ஆள் வரலாம். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள், ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் ஆங்கிலம். முந்தின நாள் முழுக்கத் திட உணவு கிடையாது. தெளிந்த திரவம் மட்டும். பால் கூடாது. சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் கூடாது, ஏனென்றால் குடலுக்குள் அந்த நிறம் ரத்தம்போலத் தெரியும். சாயங்காலம் பேதி மருந்துத் தூளை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, குடலைக் கழுவிவிட வேண்டும்.

இரண்டு பக்கத்தையும் வாசித்து ஒப்பிட்டேன். மலையாளத்தில் ஓர் எழுத்துப் பிழையைக்கூடக் கண்டுபிடித்தேன். வீட்டிலிருந்த மாதுளையைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தேன். பீட்ரூட்டை அம்மாவிடம் சொல்லி அப்புறப்படுத்தினேன். பிஸ்கட் டப்பாவைப் பரண்மேல் வைத்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, அளந்து, மருந்தை நானே கலக்கி, மணியடித்ததுபோல ஒவ்வொரு தம்ளராகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா மறுபேச்சு இல்லாமல் குடித்தார். குடித்துவிட்டு ஓடினார். வந்து மறுபடி குடித்தார்.

"தோட்டத்துக்குத் தண்ணி பாச்சுத மாதிரியில்லா பாச்சுதா," என்றார் அம்மாவிடம்.

4

மறுநாள் காலை உள்ளே கொண்டுபோன அப்பாவை நினைத்ததைவிடச் சீக்கிரமே வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில், பின்பக்கம் நாடா கட்டிய பச்சை அங்கியில், மயக்கம் முழுவதும் தெளியாமல், முகக்கவசம் தாடைக்கு இறங்கி உட்கார்ந்திருந்தார். கூட வந்த சிஸ்டரின் முகத்தில் எரிச்சல். குடலுக்குள் சிவப்பாக நீர் தேங்கியிருக்கிறது, முதலில் ரத்தமோ என்று பயந்துவிட்டோம், உறிஞ்சி எடுத்துச் சோதித்தால் ரத்தமில்லை, ஏதோ சாயம், சுவரே தெரியவில்லை, டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டார் என்றாள்.

"அச்சன் சுவந்நது எந்தெங்கிலும் குடிச்சோ?" சிவப்பாக ஏதாவது குடித்தாரா என்று என்னிடம் கேட்டாள்.

அப்பாவே பதில் சொன்னார். "இல்ல சிஸ்டரே. வெள்ளம் மாத்ரம்." தண்ணீர் மட்டும்தான்.

எனக்கு ஒன்பது மாதமும் ஒன்றாக நெஞ்சில் ஏறியது. அந்த நடைபாதையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஒரு நாள்! ஒரே ஒரு நாள் வாயக் கட்ட முடியலயாப்பா உங்களுக்கு? என்னத்தத் தின்னிய? யாரு தந்தா? நான் இத வாங்க எத்தன பேரு கால்ல விழுந்திருக்கேன்!"

"ஒண்ணும் திங்கலட்டி."

"அப்பம் எங்கேருந்து வந்துது செவப்பு?"

அவர் அங்கியின் முன்பக்கத்தை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். மறுபடியும் செய்ய வேண்டும், தேதிக்குக் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

வீட்டில் அம்மா தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டாள். "இந்த மனுஷனுக்கு நாக்கு ஒரு முழம். எம்புள்ள கண்ணு பூத்துப் போயி வாங்குன தேதி." மூன்று நாள் இது ஓடியது. மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா என் மேசைப் பக்கம் வந்து நின்றார். கூட்டம் முடியட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"ஏட்டி, யோசிச்சுப் பாத்தேன். முந்தின நாளு காலைல சட்டப் பையில ஒரு இஞ்சி மிட்டாயி கெடந்துது. தெரியாம வாயில போட்டுட்டேன். அதாத்தான் இருக்கும். மன்னிச்சுக்கிடு."

இஞ்சி மிட்டாய் சிவப்பு இல்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் "சரி, விடுங்க" என்றேன், பெரிய மனசு பண்ணியதுபோல.

5

நாலாம் நாள் குடிதண்ணீர்ப் பானை காலியாகியிருந்தது. அலுவலகக் கூட்டம் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டே தண்ணீரை அடுப்பில் ஏற்றினேன். கொதி வந்ததும் டப்பாவிலிருந்து பதிமுகச் சீவலை ஒரு கிள்ளு எடுத்துப் போட்டேன். அப்போது பார்த்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இங்கே பல வீடுகளில் குடிக்கிற தண்ணீரை வெறுமனே கொதிக்க வைப்பதில்லை. பதிமுகம் என்று ஒரு மரம். அதன் சீவலைக் கொஞ்சம் போட்டால் தண்ணீர் ரோஜா நிறமாகிவிடும். சூட்டுக்கும் தாகத்துக்கும் நல்லது என்பார்கள். சாப்பாட்டுக் கடையிலும் அதைத்தான் ஊற்றுவார்கள். நாங்கள் வந்த புதிதில் அம்மா அதைத் தொடவே மாட்டாள். "சாயப்பட்டறைத் தண்ணிய மனுஷன் குடிப்பானா?" என்று கேட்டவள். இப்போது டப்பா தீர்ந்தால் முதலில் கத்துவதும் அவள்தான். வெளியூரில் பாட்டில் தண்ணீர் குடித்தால் எனக்குத் தாகமே அடங்காது. எங்கள் மூன்று பேர் கண்ணுக்கும் அது நிறமில்லாத தண்ணீராகி எத்தனையோ வருடமாகிவிட்டது. நடைபாதையில் விசாரித்த சிஸ்டர் இந்த ஊர்க்காரி. அப்பா 'வெள்ளம்' என்றதும் அவளுக்கும் சந்தேகம் வரவில்லை.

மருத்துவக் காகிதங்களோடு காலி மருந்து உறையையும் கோப்பில் குத்தி வைத்திருந்தேன். எதையும் எறியாத பழக்கம். உறையின் மூலையில் ஒட்டியிருந்த தூளை ஒரு தம்ளர் பதிமுகத் தண்ணீரில் தட்டிக் கலக்கினேன். ரோஜா நிறம் கருஞ்சிவப்பானது. அன்று கடிகாரத்தையும் அளவையும் பார்த்தேனே தவிர, தம்ளருக்குள் நான் பார்க்கவே இல்லை. அதை அப்படியே கழுவுதொட்டியில் கொட்டிவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

சொல்லியிருக்க வேண்டும். அடுத்த அறையில்தான் அப்பா இருந்தார். பத்து அடி. சொல்லவில்லை. பிறகு சொல்லலாம், தேதி வரும்போது சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாள் முழுக்க மற்றவர்கள் பிழையைப் பட்டியல் போடுகிறவளுக்கு, தன் பிழையை ஒரு வரியில் சொல்ல வாய் வரவில்லை. சிவப்பு கூடாது என்று வாசித்தவள் நான். கலக்கியவள் நான். அத்தனை பேர் முன்னால் அவரைத் திட்டியவளும் நான். இதைச் சொன்னால் இனி இந்த வீட்டில் என் பேச்சுக்கு என்ன மதிப்பு என்றுதான் முதலில் தோன்றியது. அப்பாவின் குடல் இரண்டாவதாகத்தான் ஞாபகம் வந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

இரண்டு வாரத்தில் மருத்துவமனையே கூப்பிட்டுத் தேதி கொடுத்தது. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

"வேண்டாம்மா. எனக்கு வாயக் கட்டத் தெரியாது. மறுபடியும் அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு அவங்க முன்னால நான் உக்கார மாட்டேன். உனக்கும் வீணா லீவு."

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். "உங்க இஷ்டம்" என்றேன். தேதி வேறு யாருக்கோ போனது. அடுத்த மாதம் இரண்டாம் அலை வந்து, எண்டோஸ்கோப்பிப் பிரிவையே மூடி, படுக்கைகளைக் கொரோனாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு போனை எடுக்கவே ஆளில்லை.

அரசாங்கத்தையும் மருத்துவமனையையும் கிருமியையும் நான் திட்டாத நாளில்லை. எல்லாத் திட்டும் நியாயமானதுதான். ஆனால் அந்த ஒரு தேதி கிருமியால் போகவில்லை.

6

மழைக்காலம் தொடங்கி, அன்று கொஞ்சம் வெயில் அடித்தது. ஊரடங்கில் வேலையில்லாமல் அப்பா வீட்டுக்காரரின் பின்சுவரை இலவசமாகப் பூசிக்கொண்டிருந்தார். அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தணித்தாள்.

"உங்கப்பாவுக்கு ரெண்டு வாரமா வெளிக்கிப் போனா ரத்தம் படுதாம். உன்கிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாவ. மூலமா இருக்கும்னு சொல்லுதாவ."

மூலம். பெரியப்பாவும் அதைத்தான் சொன்னார்.

பின்பக்கம் போனேன். அப்பா பூச்சைச் சமப்படுத்தும் மணியாசுக் கட்டையால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிற்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பதிமுகம், மருந்து உறை, தம்ளர், நான் மூடி மறைத்தது, இஞ்சி மிட்டாய்க்கு நான் சொன்ன 'சரி, விடுங்க.' திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

அவர் கட்டையைச் சாந்துச் சட்டியில் போட்டார்.

"மருந்து போட்டதும் தண்ணி நல்லா செவந்துது. நான் பாத்தேன்."

"பாத்தியளா? பொறவு ஏம்ப்பா கேக்கல?"

"நீ படிச்சுட்டுத்தான தந்த."

இருபது வருடமாக நான் வாசித்து, நான் நீட்டி, 'போடுங்க' என்று சொல்லி, இந்த மனிதனுக்குச் சொந்தக் கண்ணால் பார்த்ததைக்கூடக் கேட்க முடியாதபடி செய்து வைத்திருக்கிறேன்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தவர், "அந்தக் கடுதாசி இருக்கா?" என்றார். எடுத்து வந்தேன். "வாசி. நீ வாசிச்சு எனக்குச் சுருக்கிச் சொல்லாத. இருக்கது எல்லாத்தையும் வாசி."

வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினார். பால் விடாத கட்டன் காப்பி ஆகுமா? கருப்பட்டி போட்டா? இளநி ஆகுமா? மருந்து கலக்குனா நிறம் மாறணுமா, மாறக் கூடாதா? எழுதிக்கொண்டு மருத்துவமனைக்குப் போன் செய்தேன். ரத்தம் வருகிறது என்ற ஒரு சொல்லுக்கு, முன்பு ஒன்பது மாதம் இழுத்த தேதி எட்டாம் நாளுக்கே கிடைத்தது. பதிமுகத் தண்ணீரைச் சொன்னபோது சிஸ்டர், "அய்யோ! அது ஆரும் எழுதிட்டில்லல்லோ" என்றாள், அதை யாரும் எழுதவில்லையே என்று. இப்போது கொடுக்கும் தாளில் கீழே பேனாவால் எழுதிக் கொடுக்கிறார்கள்.

அம்மா புதுப் பாத்திரத்தில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். அப்பா ஒவ்வொரு தம்ளரையும் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். "இன்ஸ்பெக்டரு வந்துட்டாவ," என்று அம்மா கேலி செய்தாள்.

இந்த முறை முழுவதும் பார்த்தார்கள். ரத்தம் உண்மையிலேயே மூலத்திலிருந்துதான். ஆனால் அதற்கு மேலே, பெருங்குடலின் இடப்பக்கத்தில், முன்பு எடுத்ததைவிடப் பெரிதாக இன்னொரு வளர்ச்சி இருந்தது. கத்தரித்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

பத்து நாள் கழித்து அறிக்கை வாங்கப் போனோம். டாக்டரம்மா முழுவதுமாக எடுத்தாயிற்று, பரவவில்லை, ஒரு வருடத்தில் மறுபடி வாருங்கள் என்று வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்து, ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் குறுக்குக் கோடு ஒட்டியிருந்த வரிசையில் உட்கார்ந்தோம். அப்பா தாளை என் மடியில் வைத்தார்.

"வாசி."

விரலை வைத்து வாசித்தேன். பெயர், வயது, எடுத்த இடம், அளவு. ஓரங்களில் எதுவும் மிச்சமில்லை. ஆழத்துக்குப் பரவவில்லை.

"ஒரு வரிய விட்டுட்ட."

"எந்த வரி?"

"உன் விரலு ஒண்ணத் தாண்டிட்டு. நான் பாத்தேன்."

விரலை மேலே கொண்டுபோனேன். செல்கள் மிகவும் மாறியிருக்கின்றன, விட்டிருந்தால் அடுத்தது புற்றுநோய்தான் என்று அர்த்தம் வரும் வரி அது. தமிழில் சொன்னேன். அவர் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தார்.

"போன தடவயே ஒழுங்கா பாத்திருந்தா இந்த அளவு வளந்திருக்காதோ?"

"தெரியலப்பா," என்றேன். அந்தச் சொல்லை இதற்கு முன்னால் அவரிடம் எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. "உள்ள போயி ரெண்டு பேருமா கேப்போம்."

முகக்கவசத்தை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தார். எங்களுக்கு முன்னால் பதினாலு பேர் இருந்தார்கள். வரிசையின் கடைசியில் போய் நின்றோம்.